அட்சரேகையும் தீர்க்கரேகையும் கற்பனைக் கோடுகள் என்றால், கைப்பேசி எப்படி நம் இடத்தைச் சொல்கிறது?

கேட்டவர் மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் கற்பனைக் கோடுகள் என்றுதான் பள்ளியில் படித்தோம். கற்பனையை வைத்துக்கொண்டு கைப்பேசி எப்படி நாம் நிற்கும் இடத்தைச் சொல்கிறது? ஒரு டிகிரிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தேடினால் ஓரிடத்தில் 111 என்கிறார்கள், இன்னோரிடத்தில் 96 என்கிறார்கள், எது சரி? பூஜ்ஜிய அட்சரேகை பூமியின் நடுவில் ஓடுகிறது, நியாயம். பூஜ்ஜிய தீர்க்கரேகை மட்டும் ஏன் லண்டன் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது? மூன்றும் தனித்தனிக் கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்தான்: இந்த எண்களில் பூமி தந்தது எவ்வளவு, மனிதன் வைத்தது எவ்வளவு? நில அளவையும் வரைபடமும் படித்து, அந்த வேலையிலேயே காலம் தள்ளியவன் நான். கப்பல் செலுத்திய அனுபவம் கிடையாது. அதனால் கடல் சம்பந்தமாக நான் சொல்வது படித்தது, நிலம் சம்பந்தமாகச் சொல்வது செய்து பார்த்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கோடு என்ற நினைப்பைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டுமே கோணங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். அந்த நூல் காட்டும் திசைக்கும், பூமியை இரண்டு பாதியாக வெட்டும் நிலநடுக்கோட்டுத் தளத்துக்கும் இடையே உள்ள கோணம்தான் உங்கள் அட்சரேகை. நிலநடுக்கோட்டில் அது 0, துருவத்தில் 90. தீர்க்கரேகைக்கு வேறொரு கோணம் வேண்டும். வட துருவத்திலிருந்து நீங்கள் நிற்கும் இடம் வழியாகத் தென் துருவம் வரை ஒரு அரைவட்டம் போகிறது. லண்டனில் உள்ள கிரீன்விச் வழியாக இன்னொரு அரைவட்டம் போகிறது. பூமியின் அச்சில் இந்த இரண்டும் எவ்வளவு விரிந்து நிற்கின்றன என்பதே தீர்க்கரேகை. கிழக்கே 180 டிகிரி, மேற்கே 180 டிகிரி. ஒரே கோணம் உள்ள இடங்களையெல்லாம் சேர்த்து வரைந்தால் வரைபடத்தில் நாம் பார்க்கும் கோடு கிடைக்கிறது. கோடு கற்பனை, கோணம் கற்பனையல்ல, கருவியை வைத்து அளக்கலாம். கைப்பேசி எந்தக் கோட்டையும் தேடிப் போவதில்லை, கோணத்தைத்தான் கணக்கிட்டுச் சொல்கிறது.

இந்த இரண்டு கோணங்களும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதுதான் மொத்த விஷயத்தின் சாரம். ஒரு பம்பரத்தைச் சுற்றி விடுங்கள். அது சுழல்வதாலேயே ஆணி இருக்கும் முனை, தலை உள்ள முனை என்று இரண்டு புள்ளிகள் தானாக அமைந்துவிடுகின்றன. அவற்றுக்கு நடுவே வயிற்றைச் சுற்றி ஒரு வட்டமும் அமைந்துவிடுகிறது. யாரும் எதையும் குறிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வயிற்றைச் சுற்றி எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்று கேட்டால் பம்பரத்திடம் பதில் இல்லை. யாராவது சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்தால்தான் உண்டு. பூமியும் அப்படியே. துருவங்களையும் நிலநடுக்கோட்டையும் சுழற்சி தருகிறது. தீர்க்கரேகையின் பூஜ்ஜியத்தை மனிதர்கள் கூடிப் பேசி வைத்தார்கள். அட்சரேகையைக் கண்டுபிடிப்பது பண்டைக் காலத்திலேயே கைவந்து, தீர்க்கரேகை மட்டும் 18ஆம் நூற்றாண்டு வரை கப்பலோட்டிகளைப் பாடாய்ப் படுத்தியதற்கும் இதுவே காரணம்.

அட்சரேகையை வானமே சொல்லிவிடும். வட அரைக்கோளத்தில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுவே உங்கள் அட்சரேகை. ஏறக்குறைய என்று சொல்லக் காரணம், அந்த நட்சத்திரம் சரியாகத் துருவத்துக்கு நேர் மேலே இல்லை, ஒரு டிகிரிக்கும் குறைவாக விலகி இருக்கிறது. ஆனால் ஒரு டிகிரி என்பது தரையில் நூறு கிலோமீட்டருக்கு மேல், ஆகவே துல்லியம் வேண்டுமானால் அந்த விலகலைத் திருத்தியாக வேண்டும். பகலில் என்றால் உச்சி வேளையில் சூரியனின் உயரத்தை அளந்து, அன்றைய தேதிக்குச் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பார்த்துக் கழித்துக் கூட்டினால் போதும். கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டதும் இதே வித்தைதான். சையீனில், அதாவது இன்றைய அஸ்வானில், கோடைக்கால நீள்பகல் நாளின் உச்சியில் சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கிறது. அலெக்சாண்டிரியாவில் அதே நேரத்தில் முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு சாய்ந்திருக்கிறது. அதாவது 7.2 டிகிரி. இன்றைய கணக்கில் இரண்டு ஊர்களின் அட்சரேகை வித்தியாசம் 7.1 டிகிரி. கோணம் இவ்வளவு சரியாக வந்தது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் சுற்றளவையும் ஒரு சதவீதத்துக்குள் சரியாகச் சொன்னார் என்று அடிக்கடி எழுதுகிறார்களே, அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அவர் விடையை ஸ்டேடியம் என்ற அலகில் சொன்னார். அந்த அலகு எத்தனை மீட்டர் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. சாதகமான நீளத்தை எடுத்துக்கொண்டால் பிரமிப்பான விடை வரும், வேறொன்றை எடுத்தால் பதினைந்து சதவீதம்கூடத் தவறும்.

சரி, கிலோமீட்டர் கணக்குக்கு வருவோம். அட்சரேகையில் ஒரு டிகிரி ஏறக்குறைய 111 கிலோமீட்டர், இது எங்கு போனாலும் பொருந்தும். இந்த 111 தற்செயலாக வந்த எண் அல்ல. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மீட்டரை உருவாக்கியபோது, வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு என்றே அதை வரையறுத்தார்கள். அந்தக் கால்வட்டம் ஒரு கோடி மீட்டர், அதாவது 10,000 கிலோமீட்டர், அதில் 90 டிகிரி, வகுத்தால் 111.1. அதற்காக டெலாம்பர், மெஷேன் என்ற இரண்டு பிரெஞ்சு வானியலார் 1792 முதல் 1798 வரை டங்கர்க்கிலிருந்து பார்சலோனா வரை அளந்துகொண்டே போனார்கள். போர், புரட்சி, சந்தேகப்பட்டுப் பிடித்து வைத்த காவலர்கள் எல்லாவற்றையும் தாண்டி வந்த அந்த அளவு எவ்வளவு பிசகியது தெரியுமா? கால்வட்டத்தின் உண்மையான நீளம் 10,002 கிலோமீட்டர். மீட்டருக்கு 0.2 மில்லிமீட்டர். கடல் மைலும் இந்தக் குடும்பம்தான்: அட்சரேகையில் ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். கடல் வரைபடத்தில் தூரம் அளப்பவர்கள் பக்கவாட்டில் உள்ள அட்சரேகை அளவுகோலை வைத்து அளப்பது இதனால்தான்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு; எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த பகுதி. பூமி முழுக் கோளம் அல்ல. சுழற்சியால் நடுவில் பருத்து, துருவங்களில் அமுங்கி இருக்கிறது. நடுவிலிருந்து நிலநடுக்கோட்டுக்கு 6,378 கிலோமீட்டர், துருவத்துக்கு 6,357 கிலோமீட்டர். துருவம் மையத்துக்கு அருகில் இருப்பதால் அங்கே ஒரு டிகிரி குட்டையாக இருக்கும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். உண்மை நேர்மாறு. நிலநடுக்கோட்டருகே ஒரு டிகிரி அட்சரேகை 110.57 கிலோமீட்டர், துருவத்தருகே 111.69. ஏன்? அட்சரேகை தூக்குக்குண்டின் திசையைப் பொறுத்தது என்று மேலே சொன்னேன். துருவத்தருகே பூமியின் முதுகு தட்டையாக இருக்கிறது. தட்டையான தரையில் நூலின் திசை ஒரு டிகிரி திரும்ப வேண்டுமானால் அதிக தூரம் நடக்க வேண்டும். வளைவு கூடிய நிலநடுக்கோட்டில் கொஞ்சம் முன்னதாகவே திரும்பிவிடும். மையத்தில் ஒரு முளையடித்து அங்கிருந்து கோணத்தை அளப்பதாக நினைத்துக்கொண்டால் இது புரியவே புரியாது. பல பாடப் படங்கள் அப்படித்தான் வரைகின்றன. மையத்திலிருந்து அளக்கும் கோணத்துக்கும் வரைபடங்களில் உள்ள அட்சரேகைக்கும் 45 டிகிரி அருகே ஏறக்குறைய 11.5 நிமிட வித்தியாசம் இருக்கிறது; தரையில் அது 21 கிலோமீட்டர். ஒரு நகரத்தையே தவறவிடப் போதுமானது.

பூமி அமுங்கியிருக்கிறதா, எலுமிச்சை மாதிரி நீண்டிருக்கிறதா என்று 18ஆம் நூற்றாண்டில் பெரிய சண்டையே நடந்தது. அமுங்கியிருக்க வேண்டும் என்றது நியூட்டனின் கணக்கு. பிரான்சுக்குள் அளந்து பார்த்த வானியலார் காசினி நீண்டிருக்கிறது என்றார். தீர்த்து வைக்க பிரெஞ்சு அறிவியல் கழகம் இரண்டு குழுக்களை அனுப்பியது: 1735இல் ஒன்று நிலநடுக்கோட்டை நோக்கி, இன்றைய ஈக்வடாருக்கு, அடுத்த ஆண்டு மோபர்ட்யுயி தலைமையில் மற்றொன்று ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள லாப்லாந்துக்கு. லாப்லாந்தில் அளந்த ஒரு டிகிரி பாரிசருகே அளந்ததைவிட நீளமாக வந்தது. நியூட்டன் சரி. ஒரு டிகிரியின் நீளத்தைச் சும்மா அளந்தே பூமியின் வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள் என்பதை நினைத்தால் இன்னமும் ஆச்சரியமாக இருக்கிறது.

தீர்க்கரேகையில் ஒரு டிகிரிக்கு நிலையான நீளம் எதுவும் கிடையாது. எல்லாத் தீர்க்கரேகைகளும் துருவத்தில் போய்க் கூடுகின்றன. அதனால் நிலநடுக்கோட்டில் அவற்றின் இடைவெளி 111.3 கிலோமீட்டர், 30 டிகிரி அட்சரேகையில் 96.5, 45இல் 79, 60இல் 56, 80இல் 19, துருவத்தில் பூஜ்ஜியம். 111.3 என்பதை அந்த இடத்து அட்சரேகையின் கொசைனால் பெருக்கினால் தோராயமாக இந்த எண்கள் வந்துவிடும். நீங்கள் பார்த்த 96 எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும். 30 டிகிரி அட்சரேகையை ஒட்டிய இடத்துக்கு யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். இரண்டும் சரி, இரண்டு வெவ்வேறு திசைகளுக்கு. துருவத்தில் நிற்பவருக்குத் தீர்க்கரேகையே கிடையாது. எல்லாக் கோடுகளும் அவர் காலடியில் இருக்கும்போது எதைச் சொல்வது?

இதிலிருந்து இன்னொரு குழப்பமும் தீரும். அட்சரேகை வழியே நேராகக் கிழக்கு நோக்கிப் போவதுதான் குறுக்குவழி என்று தட்டையான வரைபடம் நம்ப வைக்கும். 60 டிகிரி வடக்கில் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அட்சரேகையைப் பிடித்துக்கொண்டே போனால் 10,000 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். துருவத்தின் மேலாகப் போனால் ஏறக்குறைய 6,700தான். நிலநடுக்கோட்டைத் தவிர மற்ற அட்சரேகைகள் எல்லாம் பூமியின் மையத்தைத் தொடாத சின்ன வட்டங்கள், அவற்றின் வழியே போவது சுற்றுவழிதான். தொலைதூர விமானப் பாதைகள் வரைபடத்தில் வில் போல வளைந்து தெரிவது இதனால்.

இனி லண்டன் விவகாரம். பூஜ்ஜியத்தை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதால் ஒவ்வொருவரும் தமக்கு வசதியான இடத்தில் வைத்துக்கொண்டார்கள். பண்டைய கிரேக்கப் புவியியலார் தாலமி மேற்குக் கோடியில், கேனரித் தீவுகள் இருக்கும் பக்கம் வைத்தார். தெரிந்த உலகம் முழுவதும் அதற்குக் கிழக்கே வந்துவிடும், மேற்கு என்று தனியாக எழுத வேண்டியதில்லை. சூரிய சித்தாந்த வழி வந்த இந்திய வானியலார் உஜ்ஜயினி வழியாகப் போகும் கோட்டிலிருந்து கணக்கிட்டார்கள். பிரான்சு பாரிசிலிருந்து. 1884 அக்டோபரில் வாஷிங்டனில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி வாக்கெடுத்தபோது கிரீன்விச்சுக்கு 22 வாக்குகள் விழுந்தன. எதிர்த்தது சான் டொமிங்கோ, இன்றைய டொமினிக்கன் குடியரசு. பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை. இதில் அறிவியல் காரணம் ஒன்றுமில்லை. அன்றைய உலகக் கப்பல் சரக்கில் ஏறக்குறைய 72 சதவீதம் ஏற்கெனவே கிரீன்விச்சை வைத்த வரைபடங்களோடு ஓடிக்கொண்டிருந்தது, மாற்றினால் செலவு. அவ்வளவுதான். பிரான்சு மனம் ஆறாமல் 1911இல்தான் நேரத்தை மாற்றியது. அப்போதும் சட்டத்தில் கிரீன்விச் என்று எழுதாமல், ‘பாரிஸ் நேரத்திலிருந்து 9 நிமிடம் 21 விநாடி பின்தங்கிய நேரம்’ என்று எழுதி வைத்தார்கள். ரோஷம்! செவ்வாய்க் கோளிலும் இதே பிரச்சினைதான். அங்கே ஒரு சிறு பள்ளத்தைப் பூஜ்ஜியமாக வைத்து அதற்கு ஏரி-0 என்று பெயரிட்டார்கள். கிரீன்விச் கோட்டை வரையறுத்த தொலைநோக்கியை நிறுவிய ஜார்ஜ் ஏரி (Airy) என்ற வானியலாரின் பெயர் அது.

தீர்க்கரேகையை அளப்பது என்றால் உண்மையில் நேரத்தை அளப்பதுதான். பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுழல்கிறது. மணிக்கு 15 டிகிரி, ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். உங்களுக்கு உச்சி வேளையாக இருக்கும்போது கிரீன்விச்சில் காலை 10 மணி என்று தெரிந்தால் நீங்கள் 30 டிகிரி கிழக்கே இருக்கிறீர்கள். (சூரியன் ஆண்டு முழுவதும் கடிகாரத்தோடு ஒத்துப்போகாது, கால் மணி நேரம் வரை முன்பின் ஆகும், அதற்கும் அட்டவணை உண்டு.) உள்ளூர் நேரத்தைச் சூரியன் சொல்லிவிடும். கிரீன்விச் நேரத்தை நடுக்கடலில் யார் சொல்வது? ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் வேலை செய்யாது. நிலநடுக்கோட்டில் கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினால் 28 கிலோமீட்டர் தவறும். 1714இல் பிரிட்டன் சட்டமே போட்டு, அரை டிகிரிக்குள் தீர்க்கரேகையைச் சொல்லும் வழிக்கு 20,000 பவுண்டு பரிசு அறிவித்தது. தச்சராக வளர்ந்த ஜான் ஹாரிசன் பல பத்தாண்டுகள் பாடுபட்டுச் செய்த நான்காவது கருவி, சட்டைப்பைக் கடிகாரத்தைப் பெரிதாக்கியது போன்றது, 1761 இறுதியில் கிளம்பி ஜமைக்கா போய்ச் சேர்ந்தபோது 5 விநாடி அளவே பிசகியிருந்தது. அது தினமும் எவ்வளவு பிந்தும் என்று முன்பே அளந்து வைத்திருந்ததைக் கழித்த பிறகு வந்த கணக்கு இது. எதிர்த்தவர்கள் பிடித்துக்கொண்ட வாதங்களில் அதுவும் ஒன்று. வானத்தில் நிலாவுக்கும் நட்சத்திரங்களுக்கும் இடையே தெரியும் கோணத்தை அளந்து நேரம் கண்டுபிடிக்கும் முறையும் அதே காலத்தில் வளர்ந்தது. ஹாரிசனுக்கு ஆதரவாக எழுதுபவர்கள் அதைக் கேலி செய்வார்கள். நியாயமில்லை. கடிகாரம் விலை உயர்ந்ததாக இருந்த காலம் முழுவதும் கப்பல்களுக்கு அது கைகொடுத்தது.

அந்தச் சட்டத்துக்குக் காரணம் 1707இல் இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள சில்லி தீவுகளருகே பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நான்கு பாறையில் மோதி மூழ்கியதுதான், தீர்க்கரேகை தெரியாததால் வந்த விபத்து அது, என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். விபத்து நடந்தது, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், அது உறுதி. காரணம் மட்டும் அவ்வளவு சுத்தமாக இல்லை. மிஞ்சிய கப்பல்களின் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் அட்சரேகைக் கணக்கிலும் பிழை இருந்ததைக் காட்டியிருக்கிறார்கள். எச்சரித்த மாலுமி ஒருவரைத் தளபதி தூக்கிலிட்டார் என்ற கதை பிற்காலத்தில் சேர்ந்தது, நம்ப ஆதாரமில்லை.

இப்போது கைப்பேசி. ஹாரிசனின் யோசனைதான், கடிகாரத்தை மட்டும் வானத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அணுக் கடிகாரங்களோடு சுற்றுகின்றன. ‘நான் இங்கே இருக்கிறேன், இப்போது நேரம் இது’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். மூன்று தூரம் இருந்தால் இடம் கிடைத்துவிடும். ஆனால் கைப்பேசிக்குள் இருக்கும் கடிகாரம் மட்டமானது, அதன் பிழையையும் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால் நான்காவது செயற்கைக்கோள் தேவை. கணக்கு முடிந்ததும் முதலில் கிடைப்பது அட்சரேகையும் தீர்க்கரேகையும் அல்ல. பூமியின் மையத்திலிருந்து மூன்று திசைகளில் எத்தனை மீட்டர் என்ற மூன்று எண்கள்தான் கிடைக்கும். அதை, அமுங்கிய பூமியின் வடிவத்துக்காக ஒப்புக்கொண்ட ஒரு கணித வடிவத்தின் மேல் பொருத்தி, கோணங்களாக மாற்றி உங்களுக்குக் காட்டுகிறது.

அப்படி மாற்றும்போது ஒரு வேடிக்கை நடக்கிறது. கிரீன்விச் வானாய்வகத்தில் தரையில் பதித்திருக்கும் கோட்டின் மேல் நின்று ஜி.பி.எஸ். பார்த்தால் பூஜ்ஜியம் வராது. பூஜ்ஜியம் கிழக்கே 102 மீட்டர் தள்ளி, பூங்காவுக்குள் இருக்கிறது. யாரும் தப்பாக அளக்கவில்லை. ஏரியின் தொலைநோக்கி செங்குத்துத் திசையைப் பாதரசத் தொட்டியின் மட்டத்திலிருந்து எடுத்தது. நிலத்தடியில் பாறைகளின் அடர்த்தி ஒரே சீராக இல்லாததால் ஈர்ப்பு விசை அங்கே இம்மியளவு பக்கவாட்டில் இழுக்கிறது. தூக்குக்குண்டு நேராகத் தொங்குவதில்லை. செயற்கைக்கோள் முறைக்கு அந்தப் பக்கவாட்டு இழுப்போடு சம்பந்தமில்லை, அது மையத்திலிருந்து கணக்கிடுகிறது. எனவே அட்சரேகைக்கு நான் மேலே சொன்ன தூக்குக்குண்டு விளக்கத்தையும் இப்போது திருத்திக்கொள்ளுங்கள்: இன்றைய வரைபடங்களில் நூலின் திசைக்குப் பதிலாக, அந்தக் கணித வடிவத்தின் மேற்பரப்புக்குச் செங்குத்தான திசையை எடுக்கிறோம். பெரும்பாலான இடங்களில் இரண்டுக்கும் வித்தியாசம் சில விநாடிக் கோணம்தான் (கோண நிமிடத்தை அறுபதாகப் பிரித்தால் ஒரு விநாடி). மலைப் பகுதிகளில் கூடும்.

செயற்கைக்கோளுக்கு முன்பு ஒவ்வொரு நாடும் தன் நிலத்துக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு வடிவத்தை எடுத்துக்கொண்டு, ஒரு தொடக்கப் புள்ளியையும் நிர்ணயித்துக்கொண்டது. இந்த ஏற்பாட்டை எங்கள் வேலையில் டேட்டம் என்போம். ஒரே இடத்துக்குப் பழைய வரைபடம் சொல்லும் எண்ணும் ஜி.பி.எஸ். சொல்லும் எண்ணும் சில நூறு மீட்டர் வரை வேறுபடுவது இதனால்தான். பழைய வரைபடத்திலிருந்து எண்ணை எடுத்துக் கைப்பேசியில் போட்டு, எல்லைக்கல் இடம் மாறிவிட்டது என்று சண்டைக்கு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கல் அங்கேயேதான் இருக்கும். எண் மட்டும் வேறு டேட்டத்தில் இருக்கும்.

கல்லே நகர்வதும் உண்டு, கொஞ்சம் கொஞ்சமாக. கண்டத்தட்டுகள் நகர்கின்றன. ஆஸ்திரேலியா ஆண்டுக்கு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் வடகிழக்காகப் போகிறது; 1994ஆம் ஆண்டுக் கணக்குக்கும் 2020ஆம் ஆண்டுக் கணக்குக்கும் இடையே 1.8 மீட்டர் வித்தியாசம் வந்து, நாடு முழுவதும் எண்களைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. துருவமும் ஒரே இடத்தில் இல்லை. சுழலும் அச்சு பூமியின் உடலுக்குள் சில மீட்டர் வட்டத்தில் தள்ளாடுகிறது. 1891இல் அமெரிக்க வானியலார் சாண்ட்லர் இதைக் கண்டு சொன்னார். இதைக் கண்காணிக்கவே 1899இல் ஒரே அட்சரேகையில், 39 டிகிரி 8 நிமிடத்தில், உலகைச் சுற்றி நிலையங்கள் அமைத்தார்கள். கடக ரேகையும் மகர ரேகையும் பூமியின் சாய்வைப் பொறுத்தவை. சாய்வு மெல்லக் குறைந்துவருவதால் அவை ஆண்டுக்கு ஏறக்குறைய 15 மீட்டர் நிலநடுக்கோட்டை நோக்கி நகர்கின்றன. 23.5 டிகிரி என்று படித்தது தோராயம், இப்போது 23 டிகிரி 26 நிமிடம்.

கடைசியாக, உங்கள் கைப்பேசியில் வரும் எண்களை எப்படிப் படிப்பது என்று சொல்லிவிடுகிறேன். கெய்ரோவின் எண்கள் 30.0444, 31.2357. முதலில் அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. கழித்தல் குறி இருந்தால் தெற்கு அல்லது மேற்கு. புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் 11 மீட்டர் வரை நுணுக்கம், ஐந்து இலக்கத்தில் 1.1 மீட்டர், ஆறில் 11 சென்டிமீட்டர். கைப்பேசி ஆறு ஏழு இலக்கம் காட்டுகிறது என்பதற்காக அவ்வளவு துல்லியம் என்று நம்பாதீர்கள். திறந்த வெளியில் 5 மீட்டர் அளவுதான் அதன் திறமை, உயரமான கட்டடங்களுக்கு நடுவே அதுவும் கெடும். நிலத்தின் எல்லையை நிர்ணயிக்கக் கைப்பேசி எண்ணை ஏற்காதீர்கள், அதற்கு வேறு கருவியும் வேறு முறையும் வேண்டும். புள்ளிக்குப் பின் வருவதை நிமிடம், விநாடி என்று படிப்பது அடுத்த தவறு. 30.0444 என்றால் 30 டிகிரி 2 நிமிடம் 40 விநாடி. அதை 30 டிகிரி 4 நிமிடம் 44 விநாடி என்று எழுதினால் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவீர்கள். இரண்டு எண்களின் வரிசையும் முக்கியம், ஏனென்றால் சில மென்பொருள்கள் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். பல ஊர்களுக்கு எண்களை மாற்றிப் போட்டால் கடலிலோ வேறு நாட்டிலோ போய் விழும், உடனே தெரிந்துவிடும். கெய்ரோவுக்கு மாற்றிப் போட்டால் 175 கிலோமீட்டர் தள்ளி அலெக்சாண்டிரியாவின் கிழக்கு ஓரத்தில் விழுகிறது. அதே நாடு, பெரிய நகரம், பார்த்தால் சரி போலவே இருக்கும். எண்களே இல்லாமல் வெறுமையாக விட்டால் பல மென்பொருள்கள் அதை 0, 0 என்று எடுத்துக்கொள்ளும். அது மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே கினி வளைகுடாவில் இருக்கும் வெறும் கடல். உங்கள் தரவில் ஏதாவது ஒரு புள்ளி அங்கே போய் நின்றால், யாரோ கட்டத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.